டாக்டர் சொன்ன மூன்றாவது விஷயம்

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. கையில் ஒரு துணியும் ஊசியும் இருந்தால் நாள் முழுக்கப் பேசாமல் இருந்துவிடுவேன். இங்கே அது இல்லாததால்தான் எழுந்து எழுந்து நடக்கிறேன். தவறாக நினைக்காதீர்கள், கதவுப் பக்கம் போகமாட்டேன்.

தையல்தான் என் தொழில். அம்மா போனபோது எனக்குப் பத்தொன்பது வயது, தம்பிக்கு எட்டு. என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டு வந்தவர்கள் எல்லாரும், தம்பியை என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டார்கள். தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். இருபது வருடம் மெஷின் மிதித்து அவனை ஆளாக்கினேன்.

அவன் மனைவி நல்ல பெண். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். வாய் நிறைய அக்கா, அக்கா என்பாள். வயிறு பெரிதாகப் பெரிதாக அவளுடைய உடுப்புகளைப் பிரித்துத் தளர்த்திக் கொடுத்ததும் நான்தான். ஒரே ஒரு குறை, சிரிப்பாள். என் மெஷினுக்கும் அவர்கள் கட்டிலுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். ஞாயிறு மதியம் தம்பிக்கு லீவு. கதவு சாத்தியிருக்கும். அவன் ஏதோ சொல்வான், அவள் சிரிப்பாள். ஆறு மாத வயிற்றோடு என்ன கொஞ்சல் வேண்டிக்கிடக்கிறது என்று தோன்றும். நூல் அறுந்துபோகும். கோர்ப்பேன், மறுபடி அறுந்துபோகும். தெருமுனைவரை நடந்துவிட்டு வருவேன். அங்கேயும் அந்தச் சிரிப்பு காதில் கேட்கும். எனக்கு வயிறு எரிந்தது, இதில் ஒளிக்க என்ன இருக்கிறது.

ஸ்கேனுக்கு நான்தான் கூட்டிப்போனேன். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தார்கள். முடிந்ததும் பாத்ரூமுக்கு ஓடினாள். அந்த ஐந்து நிமிடத்தில்தான் டாக்டர் என்னிடம் பேசினார்.

"நஞ்சுக்கொடி ரொம்பக் கீழ இருக்கும்மா, கர்ப்பப்பை வாயை மூடிக்கிட்டு. கனம் தூக்கக் கூடாது. மாடி ஏறக் கூடாது. முக்கியமா, புருஷன் பொண்டாட்டி சேரவே கூடாது. ரத்தம் போக ஆரம்பிச்சா நிறுத்த முடியாது. ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிடுங்க."

முதல் இரண்டையும் சொன்னேன். சொன்னதோடு விடவில்லை, அவளை ஒரு வாளியைக்கூடத் தொடவிடவில்லை. துணி காயப்போட மாடிக்கு நானே ஏறினேன். மூன்றாவதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. வளர்த்த தம்பியிடம் ஒரு அக்கா அதை எப்படிச் சொல்வாள்?

சொல்லியிருந்தால் அந்தச் சிரிப்பும் நின்றிருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். நின்றிருக்கும், ஒரு மூன்று மாதத்துக்கு. அதற்குப் பிறகு?

ஒரு வாரம் கழித்து, நான் அவளுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தபோது அவளே கேட்டாள், தலையைக் குனிந்தபடி.

"அக்கா, டாக்டர் வேற எதுவும் சொல்லலையே? நாங்க... அவர்தான் பயப்படுறார். அக்காகிட்டக் கேளுன்னார்."

"ஒன்னும் சொல்லலையே. எப்பவும் போல இருங்க. பயந்துக்கிட்டே இருந்தா குழந்தைக்குத்தான் ஆகாது" என்றேன்.

அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. இடுப்பளவு இரண்டு அங்குலம் கூடியிருந்தது. குறித்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு மதியம் பட்டன் வாங்கிவருவதாகச் சொல்லிக் கிளம்பினேன். வீட்டில் டப்பா நிறையப் பட்டன் இருந்தது. நாலு தெரு சுற்றினேன். ஒரு கடைவாசலிலும் கால் நிற்கவில்லை. தம்பி போன் செய்தான். எடுக்கவில்லை. ஏழு முறை செய்தான். நான் திரும்பியபோது அவளை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் இரண்டு உயிரும் போய்விட்டது.

"நான்தான்க்கா கொன்னுட்டேன்" என்று தம்பி என் மடியில் விழுந்து அழுதான். ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறான். நான் அவன் தலையைத் தடவிக்கொடுத்தேன். இல்லை என்று சொல்லவில்லை. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவன் என் மடிக்கு வந்திருந்தான்.

உடன் வந்தவரிடம் சொல்லப்பட்டது என்று டாக்டர் எழுதிவைத்திருப்பதைக் காட்டினீர்கள். இனிமேல் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. தெரிந்தேதான் சொல்லாமல் விட்டேன். அவள் கேட்டபோது தெரிந்தேதான் பொய் சொன்னேன். அவள் சாக வேண்டும் என்றுதான் செய்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒரே ஒரு உதவி. இதையெல்லாம் தம்பியிடம் சொல்லிவிடாதீர்கள். பாவம், அவனுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?