பெத்தணனின் எடை

உங்கள் ஸ்டேஷன் காபி நன்றாகவே இருக்கிறது, இன்ஸ்பெக்டர். சிக்கரி மட்டும் கொஞ்சம் தூக்கல். தாளும் பேனாவும் கொடுத்து நடந்ததை எழுதச் சொன்னீர்கள். எழுதுவதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

நேசகுமார் என்றால் சிவகாசியில் பாதிப் பேருக்குப் பட்டாசு ஞாபகம் வரும். மீதிப் பேருக்கு மரணக் கிணறு. ஐம்பத்தாறில் விருதுநகர் பங்குனிப் பொங்கலுக்கு வந்த சர்க்கஸில், மரச்சுவரில் மோட்டார் சைக்கிள் ஏற்றிக் காட்டினேன். பிறகு, போர்க்காலப் பாராசூட் ஒன்றை ஏலத்தில் எடுத்து மலையுச்சியிலிருந்து குதித்தேன். பட்டாசுக் கம்பெனி தன்பாட்டுக்கு நடந்தது. கல்லாவில் உட்கார்ந்தே கிழவனாவது எனக்கு ஒத்துவராது.

எங்கள் தொழிலில் சாம்பிள் பார்க்காமல் எதுவும் வெளியே போகாது. ஒவ்வொரு லாட்டிலும் பத்து எடுத்துப் பொட்டலில் கொளுத்துவோம். புதுச் சரக்கு என்றால் வெடிமருந்தைக் கூட்டிக்கொண்டே போவோம். உடைகிற அளவு தெரிந்தால்தான் உடையாத அளவு தெரியும்.

பெத்தணன் என் ஆலையில் மருந்து சலிப்பவன். அச்சாக என் உயரம். மரணக் கிணற்றில் முதலில் ஏறியது அவன்தான். விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. அவன் சறுக்கிய வளைவில் நான் வேகத்தைக் கூட்டினேன், விழவில்லை. பாராசூட்டிலும் முதலில் அவன், கணுக்கால் போயிற்று. இரண்டு தடவையும் வைத்தியம் என் பொறுப்பு. முதலாளிக்கு எம்புட்டுப் பெரிய மனசு என்று அவன் மனைவி மாடத்தியே ஊரெல்லாம் சொன்னாள்.

அறுபத்தொன்றில் ராக்கெட் வண்டி செய்தேன். நான்கு சக்கரம், ஓர் இருக்கை, பின்னால் இரும்புக் குழாய் வாணங்கள். சித்திரையில் ஆமத்தூர்க் கண்மாய் வறண்டு பாளமாகக் கிடக்கும். அதில் ஓட்டுவதாக ஏற்பாடு. மிளகாய் மண்டித் தராசில் பெத்தணனை நிறுத்துப் பார்த்தேன். என்னைவிடப் பன்னிரண்டு ராத்தல் குறைவு. எடை மாறினால் சாம்பிள் செல்லாது அல்லவா? மூன்று மாதம் என் வீட்டிலேயே சாப்பாடு போட்டேன். தினம் நாலு முட்டை, நாள் தவறாமல் கறி. கன்னம் வைத்து ஆளே பார்க்க லட்சணமாகிவிட்டான்.

நாலு வாணத்தில் ஓட்டினான். ஆறில் ஓட்டினான். எட்டில் ஓட்டிவிட்டு இறங்கியவனிடம், “எப்படிலே இருந்துச்சு?” என்று கேட்டேன்.

“கண்ணுல புழுதிதான் மொதலாளி. எட்டோட நிப்பாட்டிக்கிடுங்க. அதுக்கு மேல நீங்க ஏறாதீக,” என்றான். என்மீது அவனுக்கு அவ்வளவு கரிசனம்.

போர்மேன் சேசுராஜும் சொன்னார். “பன்னெண்டு வச்சா அச்சு முறிஞ்சிரும்யா. வேண்டாம்.” அவர் கணக்கும் என் கணக்கும் ஒன்றுதான். ஆனால் கணக்கு காகிதத்தில் இருக்கிறது. கண்ணால் பார்த்தால்தானே மனசு அடங்கும்?

மறுநாள் காலை, இன்றும் எட்டுதான் என்று பெத்தணனிடம் சொன்னேன். இருக்கைக்கு அடியில் மேலும் நாலு கட்டியது நான். என் கையாலேயே கட்டினேன், திரியையும் நானே பற்றவைத்தேன். நூறு கஜத்தில் அச்சு முறிந்தது. ஒரு மணி நேரம் உயிர் இருந்தது. குடித்துவிட்டு அவனே கூடுதலாகக் கட்டிக்கொண்டான் என்று அப்போது உங்கள் ஆட்களிடம் எழுதிக் கொடுத்ததும் நான்தான். அது பொய். அவன் குடிக்கிறவன் இல்லை. சேசுராஜ் இப்போது உங்களிடம் சொன்னது அத்தனையும் நிஜம்.

பத்தாம் நாள் அதே கண்மாயில், புது அச்சில், எட்டு வாணத்தோடு நான் ஓட்டினேன். இரண்டாயிரம் பேர் கூடியிருந்தார்கள். பத்திரிகையில் படம் வந்தது. மிக இதமான ஓட்டம், இன்ஸ்பெக்டர்.

நேற்று மாடத்தி இங்கே வந்தாள், நீங்களும் கூட இருந்தீர்கள். அழவில்லை. “எடைதானே மொதலாளி வேணும்? ஒரு மொளகா மூட்டையத் தூக்கி வச்சிருக்கலாமே. எம் புருசன் எதுக்கு?” என்றாள். ராத்திரி முழுக்க யோசித்தேன். சரியான கேள்விதான், மூட்டையை வைத்தும் அச்சைச் சோதித்திருக்கலாம்.

மூட்டை இறங்கி நடந்து வராது. என் உயரமும் என் எடையும் உள்ள ஒருவன் முழுசாக இறங்கி வருவதைப் பார்த்த பிறகுதான் என் கால் நடுக்கம் நிற்கும். எட்டு வாணத்துக்கு அதுவும் போதவில்லை. எதில் சாவு என்று பார்த்துவிட்டால், மற்றதில் சாவு இல்லை என்று ஏறி உட்காரலாம். அதற்காகத்தான் பன்னிரண்டு.

தெரிந்தே கொன்றேன் என்று உங்கள் ரிப்போர்ட்டிலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பயந்தாங்கொள்ளி என்று மட்டும் எங்கும் ஒரு வார்த்தை வந்துவிடக் கூடாது. அது அபாண்டம்.