தாப்பா வழியாக வந்த ஹாலந்து ரோஜா

ஜோசஃபின்: ...அதெல்லாம் இருக்கட்டும் டேரன். இது இன்னிக்கு வந்த பூவா, இல்லையா? அதை மட்டும் சொல்லு.

டேரன்: என்ன ஆன்டி இப்படிக் கேட்டுட்டீங்க! ஹாலந்து ரோஜா. காலையிலதான் ஏர்போர்ட்ல எடுத்தேன். தொட்டுப் பாருங்க... வேணாம், தொடாதீங்க, வாடிடும்.

ஜோசஃபின்: தொட்டா வாடுற பூவையா என் பொண்ணு கையில புடிச்சிட்டு பீடம் வரைக்கும் நடக்கப் போறா?

டேரன்: பூச்செண்டு தனி ஸ்டாக் ஆன்டி. நீங்க பீடத்தைப் பாருங்க, ரெண்டு பக்கமும் வெள்ளை வெளேர்னு! கிள்ளான்ல எந்தக் கோயில்லயாவது இப்படிப் பார்த்திருக்கீங்களா? வெள்ளை ரோஜான்னா தூய்மை. என் ஃபேஸ்புக் பேஜ்ல போட்டிருக்கேனே, படிக்கலையா?

ஜோசஃபின்: படிச்சேன் லா. தூய்மையாம்! ஷாமினியும் மாப்பிள்ளையும் சுபாங் ஜெயா காண்டோ வீட்டுல ரெண்டு வருஷமா ஒண்ணா இருக்காங்க. ஊருக்கே தெரியும். பாதருக்கு மட்டும்தான் தெரியாது.

டேரன்: அப்படின்னா 'புதிய தொடக்கம்'. அதுவும் வெள்ளை ரோஜாதான்.

ஜோசஃபின்: புதுசா என்னத்தைத் தொடங்கப் போறாங்க? அதே கட்டில், அதே டிவி.

டேரன்: அழியாத அன்பு ஆன்டி! அதுவும் இருக்கு. மரியாதை, மன்னிப்பு, ரகசியம் காக்குறது... எல்லாத்துக்கும் இதே பூதான். கஸ்டமருக்கு எது வேணுமோ அதைப் போட்டுக்கலாம்.

ஜோசஃபின்: சாவுக்கு?

டேரன்: ...என்ன ஆன்டி?

ஜோசஃபின்: சாவுக்கு வச்சா என்ன அர்த்தம்னு கேட்டேன்.

டேரன்: நல்ல நாள் அதுவுமா... அதுக்கு 'நினைவு'ன்னு போடுவோம்.

ஜோசஃபின்: ம்... இந்த இதழ்ல மெழுகு சொட்டியிருக்கு. இங்க இன்னும் ஒரு மெழுகுவர்த்திகூட ஏத்தலையே?

டேரன்: ஹாலந்துல ஏத்தியிருப்பாங்க.

ஜோசஃபின்: டேரன்!

டேரன்: இல்ல... அங்க பூ வாடாம இருக்க மெழுகு பூசுவாங்க. டெக்னாலஜி ஆன்டி.

ஜோசஃபின்: ஊதா ரிப்பனும் டெக்னாலஜியா? இந்தா, காம்புல சுத்தியிருக்கு.

டேரன்: அலாமாக்...

ஜோசஃபின்: உண்மையைச் சொல்லு. உன் பூ லோரி வந்துச்சா, இல்லையா?

டேரன்: தாப்பாவுல, மலையடிவாரத்துல படுத்துருச்சு ஆன்டி. விடியக்காலையிலேர்ந்து ஃபோன் பண்ணிட்டே இருக்கேன்...

ஜோசஃபின்: ஹாலந்து ரோஜா எதுக்குடா தாப்பா வழியா வருது?

டேரன்: கேமரன் மலை ரோஜாதான்... செடி ஹாலந்து. ஐயோ, கத்தாதீங்க ஆன்டி, பாதர் உள்ளதான் இருக்கார்.

ஜோசஃபின்: நான் எங்க கத்துறேன்? நீதான் கத்துற. லோரி தாப்பாவுல நிக்குது. அப்ப இது எது?

டேரன்: நேத்து சாயங்காலம்... இதே கோயில்ல... நான்தான் டெக்கரேஷன்...

ஜோசஃபின்: சாவுப் பூவா?

டேரன்: அந்த வார்த்தை வேணாம் ஆன்டி! நினைவுப் பூ.

ஜோசஃபின்: பூச்செண்டு மட்டும் தனி ஸ்டாக்குன்னியே?

டேரன்: தனியாத்தான் இருந்துச்சு. பெட்டி மேல.

ஜோசஃபின்: பெட்டி மேலயா? பெட்டி மேல இருந்த அதே பூவா? நல்லாத் தெரியுமா?

டேரன்: கால்ல வேணாலும் விழறேன் ஆன்டி. சம்பந்தி அம்மா காதுக்குப் போச்சுன்னா என் கதை முடிஞ்சுது. கிள்ளான்லேர்ந்து காப்பார் வரைக்கும் ஒரு கல்யாணத்துக்கும் என்னைக் கூப்பிட மாட்டாங்க.

ஜோசஃபின்: யாரோட சாவு?

டேரன்: கபிரியேல் சார். இங்கதான் ரொம்ப வருஷமா ஆர்கன் வாசிச்சாரே... கல்யாணமே பண்ணிக்கல, பாவம். கூட்டமும் இல்ல. அவர் தங்கச்சி 'பூவெல்லாம் நீயே எடுத்துட்டுப் போயிடுப்பா'ன்னுட்டாங்க. சத்தியமா குப்பையில போடத்தான் கிளம்பினேன்! கடைசி பெஞ்சுல ஒரு அம்மா... முக்காடு, கறுப்புக் கண்ணாடி, மாஸ்க் வேற. அவங்கதான் வந்து, 'தூக்கிப் போட்றாதே தம்பி, ஒரு இதழ்கூட வாடல'ன்னாங்க. மாஸ்க்குக்குள்ள அழுதுட்டே சொன்னாங்க. அதுலதான் எனக்கு இந்தப் புத்தி வந்துச்சு.

ஜோசஃபின்: பழியைத் தூக்கி அந்த அம்மா மேல போடுறியா? ...இரு, வீட்டுலேர்ந்து ஃபோன். சொல்லுங்க... டையா? இஸ்திரி போட்டு அலமாரிக் கதவுல மாட்டியிருக்கேன்... நீலம் இல்லங்க, சாம்பல் கலரு... ஆங், பூ எல்லாம் வந்தாச்சு. நல்லா இருக்கு... அட, ஹாலந்துதான்! வைக்கிறேன்.

டேரன்: ஆன்டி... ஹாலந்துன்னா சொன்னீங்க?

ஜோசஃபின்: பின்ன, தாப்பான்னா சொல்லுவாங்க?

டேரன்: இப்பவே எல்லாத்தையும் பிரிச்சுடறேன். வேன்ல பிளாஸ்டிக் பூ இருக்கு. தூரத்துலேர்ந்து பார்த்தா...

ஜோசஃபின்: கையை எடு! ஒண்ணையும் எடுக்கக் கூடாது. ஷாமினி அந்தப் பூச்செண்டைப் புடிச்சிட்டுத்தான் நடப்பா. அந்த ரிப்பனை என்கிட்ட குடு. அப்புறம்... பெட்டி மேல இருந்ததுலேர்ந்து எனக்கு ஒரு பூ. தலையில வைக்கணும்.

டேரன்: சாவுப் பூவைத் தலையிலயா!

ஜோசஃபின்: நினைவுப் பூன்னு சொல்லுடா. கபிரியேல் ஒரு தடவை கொண்டு வந்தாரு... சின்ன வயசுல, கோயில்ல பாட்டுப் பழகுறப்ப. ஒரே ஒரு வெள்ளை ரோஜா. ஆர்கன் மேல வச்சிட்டு என்னைப் பார்த்தாரு. எங்க அப்பாவுக்குப் பயந்துக்கிட்டு நான் எடுக்கல. பாவி நான், அதைக் கையால தொடக்கூட இல்ல.

டேரன்: ஆன்டி... நான் யார்கிட்டயும்...

ஜோசஃபின்: சொல்ல மாட்டே. உன் பேஜ்லதான் அதுக்கும் ஒரு அர்த்தம் போட்டிருக்கியே.

டேரன்: அப்ப... நேத்து... அந்தக் கறுப்புக் கண்ணாடி?

ஜோசஃபின்: ஹேண்ட்பேக்லதான் கிடக்கு. இன்னிக்கு அது வேணாம். பொண்ணைப் பெத்தவ கல்யாணத்துல அழுதா, ஏன்னு யாரும் கேக்க மாட்டாங்க.