களிமண் ஏடுகளுக்கு நடுவே

— கொஞ்சம் தள்ளி நில்லும்மா. இந்தப் பொடி வில்லை மேல மூச்சுப் படக்கூடாது.

— ஏன் ஐசு, என் மூச்சு என்னா பண்ணுது அத?

— மூச்சுல ஈரம் இருக்குதில்ல. அது ஏறிக்கிச்சுன்னா மிஷின் போடற கிராஃப்புல தண்ணிதான் பெருசாத் தெரியும். ஞாயித்துக்கிழமை, காலேஜு காலியா இருக்கும், நிம்மதியா மிஷின ஓட்டலாம்னு பாத்தேன். நீ என்னமோ சொல்லாம கொள்ளாம வந்து நிக்கற.

— பென்னாகரத்துல பஸ்ஸு நின்னுது, ஏறிட்டேன். வாச்மேன்கிட்ட ஐஸ்வர்யாவோட அம்மான்னேன், இங்க கொண்டாந்து உட்டுட்டாரு. நீ வேலையப் பாரு. இது என்னா, மாவா?

— களிமண்ணு.

— இதுக்கா இத்தன வருசம்?

— சும்மா களிமண்ணு இல்லம்மா. உள்ள ஏடு ஏடா இருக்கும், புஸ்தகத்துத் தாளாட்டம். அந்த ஏடுங்களுக்கு நடுவுல சோப்பு மாதிரி ஒரு மருந்த நொழைச்சிருக்கேன். அதுக்கு நீளமா வாலு உண்டு.

— உள்ள போச்சா இல்லியான்னு எப்படித் தெரியும்?

— போயிருக்கு, ஏடு விரிஞ்சிருக்குன்னு சேலத்துல எக்ஸ்ரேல பாத்துச் சொல்லிட்டாங்க. உள்ள போன வாலு எப்படிக் கெடக்குதுன்னு இந்த மிஷின்தான் சொல்லணும். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்த உடுவோம். வாலு அதுல கொஞ்சத்த முழுங்கிக்கும். எந்த எடத்துல முழுங்குதுன்னு... இரு, வந்துருச்சு. இந்தப் பள்ளத்தப் பாரு.

— ரெண்டு இருக்குது.

— பெருசப் பாரு. போன மாசம் மருந்து கம்மியாப் போட்டப்ப அது ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து இருவத்தேழுல இருந்துச்சு. வாலுங்க கோணல்மாணலாக் கெடந்துச்சு. இப்ப அந்த இருவத்தேழு பதினெட்டா எறங்கிருச்சும்மா. எல்லாம் நெருக்கமா, நேரா நிக்குது.

— நல்லதா அது?

— இதுக்காகத்தான் இங்கயே கெடக்கறேன்.

— அப்ப யாருக்காச்சும் போன் போட்டுச் சொல்லு கண்ணு.

— யாருக்கு? என் கைடு கோவிந்தன் சார் ரிட்டையர் ஆயிட்டாரு. போன தடவ கூப்பிட்டேன், மெயில் போடும்மான்னு வச்சிட்டாரு. கூடப் படிச்ச புள்ளைங்க பெங்களூரு போயிட்டாங்க. வாடகை ரூம்ல நான் ஒருத்திதான். சில நாளு டீக்கடை அக்காகிட்டப் பேசறதோட சரி.

— அழுவறியா?

— இல்ல. மிஷின் ரூம்ல ஏசி, கண்ணு எரியுது.

— அதான் எங்கிட்டச் சொல்லிட்டயே. பதினெட்டு.

— ஆமா, உங்கிட்டதான் மொதல்ல சொல்லியிருக்கேன். சரி, கெளம்பும்மா, பஸ்ஸ உட்டுடப் போற. உனக்கென்னா, தர்மண்ணன், அண்ணி, பசங்கன்னு வூடே நெறஞ்சு கெடக்கும். இங்க வந்து ஒக்காந்துகிட்டா தேடுவாங்க.

— தர்மன் ஆடிக்கு முந்தியே குடும்பத்தோட திருப்பூரு போயிட்டான். பசங்களையும் அங்கயே பள்ளிக்கூடத்துல சேத்துட்டான்.

— நீ ஏன் சொல்லவே இல்ல? போன் பண்றப்பல்லாம் எல்லாரும் நல்லாருக்காங்கன்னியே.

— நல்லாத்தான் இருக்காங்க, அங்க. நீ படிக்கற புள்ள, எதுக்குன்னு உட்டுட்டேன்.

— இப்ப ஆடுங்களுக்கு யாரு தண்ணி காட்டுவா?

— ஆட்டையெல்லாம் குடுத்துட்டேன். வூட்டையும் பூட்டிட்டேன். உன் ரூம்ல ஒரு பாய் விரிக்க எடம் இருக்குமா கண்ணு?