தொண்ணூற்று ஏழாவது ஃபோல்டர்

மும்பை லோக்கல் ரயிலில், குர்லாவில் ஏறிய இரண்டு பெண்கள் லேடீஸ் பெட்டியில் என் எதிரே உட்கார்ந்தார்கள். மூத்தவர் தாராவியில் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர் என்பது பேச்சில் தெரிந்தது. அவர் மடியில் லேப்டாப்.

“ரிப்பேருக்குக் குடுக்கும்போதே ஹார்ட் டிஸ்க்குல உள்ளத எண்ணிட்டேன்ட்டி. தொண்ணூத்தாறு ஃபோல்டர். தைக்கதுக்குத் துணிய எண்ணிக் குடுக்கோம்லா, அதே மாதிரிதான்.”

“கடைக்காரரு சிரிச்சிருப்பாரே யக்கா.”

“நல்லாச் சிரிச்சாரு. இன்னைக்கு வாங்கும்போது அவரு முன்னாலயே எண்ணினேன். தொண்ணூத்தேழு இருக்கு.”

“கூடவா?”

“அவரு மவ கல்யாண போட்டோ. தெரியாம என் டிஸ்க்குல போட்டுட்டு, ஒரு வாரமா கடை பூரா தேடிருக்காரு.”

“இப்பவும் சிரிச்சாரா?”

“எங்க சிரிக்க? பென் டிரைவ்ல ஏத்திட்டு, எல்லாம் வந்துருக்கான்னு அவரே உக்காந்து ஒண்ணொண்ணா எண்ணுதாரு.”