அம்சவல்லி டீச்சர் பாதியில் நிறுத்திய பேச்சு

இல்லை, அன்று டீச்சருக்கு மயக்கம் வரவில்லை. தொண்டையும் கட்டவில்லை. மேடைக்கு இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன். அவராகத்தான் பேச்சை நிறுத்தினார். மாரடைப்பு வந்தது அதற்குப் பத்து நாள் கழித்து.

டீச்சரின் இந்த நினைவுக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் விவசாயிகள் சங்கத் தலைவர் கோவிந்தராசு ஐயா அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, நடவை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! வணக்கம் சொல்லாமல் தொடங்கிவிட்டேன். மன்னியுங்கள். வாசலிலிருந்து இங்கே வருவதற்குள் ஏழு பேர் இதைத்தான் கேட்டார்கள்.

நான் நூர்ஜஹான். டீச்சரின் மாணவி. பிறகு பத்து ஆண்டுகள் அவரோடு பள்ளி பள்ளியாகப் போனவள். குழந்தைகளின் உடல் பருமனைப் பற்றி அவர் பேசிய முதல் கூட்டத்தில், எட்டாம் வகுப்பில் இருந்த என்னை எழுப்பி நிறுத்தி உதாரணம் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். மூன்று நாள் நான் பள்ளிக்குப் போகவில்லை. நான்காம் நாள் வீட்டுக்கே வந்தார்.

"தப்பு பண்ணிட்டேம்மா" என்றார். என் அம்மாவின் முன்னால்.

அதன்பின் எந்த மேடையிலும் எந்தக் குழந்தையின் உடலையும் அவர் சுட்டிக் காட்டியதில்லை. பெரியவர்களைத்தான் கேட்டார்: பிள்ளைகள் ஓடுவதற்கு இடம் எங்கே?

மன்னித்தேனா? தெரியவில்லை. கூடவே போனேன்.

ஒரு கூட்டத்தில் கமலாம்பாள் அக்கா எழுந்து நின்றார். இங்கேதான் இருக்கிறார்.

"சோத்துக்கு அலைஞ்ச காலம் போயி இப்பத்தான் புள்ளைங்க ஒடம்புல சதை புடிச்சிருக்கு. அது பொறுக்கலையா டீச்சர் ஒங்களுக்கு?"

"அது பொறுக்குது கமலாம்பா. மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குதே, அதான் பொறுக்கலை."

கூட்டம் சிரித்தது. யாரையும் நோகடிக்காத சிரிப்பு. பிள்ளைகள் விளையாடப் பள்ளி மைதானத்தைக் கேட்டு எழுதிய மனுவில் அன்று முதல் கையெழுத்து அக்காவுடையது.

கூலி நெல்லுக்காகவும் நிலத்துக்காகவும் சிறை சென்ற மருதையனின் மகள் நம் டீச்சர்! பசி தெரிந்த வீடு. அந்த வீட்டுப் பெண் "அளவாகச் சாப்பிடுங்கள்" என்று எப்படிச் சொன்னார்? எவ்வளவு கூசியிருக்கும்!

கடைசிக் கூட்டம். பள்ளி மைதானம் முழுக்க நெல். கொள்முதல் நிலையத்தில் இடமில்லாமல் கொட்டியது, மழையில் நனைந்தது. மைதானத்தை நிரந்தரமாக நெல்லுக்கே கொடுத்துவிடுவதா என்று வருகிற வெள்ளிக்கிழமை கிராம சபை முடிவு செய்யும். கொடுக்காதீர்கள் என்று கேட்கத்தான் டீச்சர் மேடை ஏறினார். நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். அங்கே நெல் கொட்டியிருந்தவர்களில் ஒருவரான வீரையன் ஐயா எழுந்தார்.

"ஒங்கப்பன் ஜெயிலுக்குப் போயி வாங்கிக் குடுத்த நெலத்துல வெளஞ்ச நெல்லும்மா இது. மொளைச்சுக்கிட்டுக் கெடக்கு. எங்க கொண்டுபோயிக் கொட்டச் சொல்ற?"

டீச்சர் மைக்கைக் கீழே இறக்கினார். பேச்சு அங்கேயே நின்றது.

தோற்றாரா? எனக்குப் புரியவில்லை. வீரையன் ஐயா சொன்னது பொய்யில்லை. டீச்சர் கேட்டதும் பொய்யில்லை. ஊரில் இருப்பது ஒரே மைதானம்.

வெள்ளிக்கிழமை அவர் இடத்தில் நான் நிற்பேன். பிள்ளைகளுக்கு மைதானம் கேட்பேன். நெல்லுக்கு வேறு இடமும் கேட்பேன். எந்த இடம் என்றால் என்னிடமும் பதில் இல்லை. இல்லாமலே பேசுவேன். அம்சவல்லி டீச்சரின் பெயரால் உங்கள் எல்லோர் முன்னிலையிலும் இதைச் சொல்கிறேன்.

நிறுத்திய பிறகு என்ன செய்தார் என்றும் கேட்டீர்கள். மைக்கை என்னிடம் கொடுத்தார். மேடையிலிருந்து இறங்கினார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்த ஈர நெல் காய்வதற்காக, பொழுது சாயும்வரை அதைக் காலால் கிளறிவிட்டார்.