நன்றியுரை முடியும்வரை

நாற்காலி வசதியாக இருக்கிறது, ஐயா. சாய்ந்தால் முனகவில்லை, நான்கு காலும் தரையில் நிற்கிறது. நாற்காலிகளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். நாற்காலி செய்கிற விதம் தச்சருக்குத் தெரியும். உட்கார்ந்தவர் எழுந்து போன பிறகு அது எப்படி இருக்கும் என்பது எனக்குத்தான் தெரியும். இத்தனை வருடங்களில் என் பேச்சை முழுதாகக் கேட்டவை நாற்காலிகள் மட்டுமே.

அன்று மாலை அரங்கத்தில் என்ன நடந்தது என்று கேட்டீர்கள். ஒளிக்க ஒன்றுமில்லை, சொல்லிவிடுகிறேன். ஆனால் கொஞ்சம் பின்னாலிருந்து வந்தால்தான் என் பக்கத்து நியாயம் உங்களுக்குப் பிடிபடும்.

எங்கள் வாசகர் வட்டம் மாதம் தவறாமல் ஒரு புதுப் புத்தகத்தை வெளியிடும். கதை, கவிதை கிடையாது. செயலாளர் தம்பி அதில் கறார். கதைப் புத்தகம் என்றால் எழுதியவர் மேடையில் அழுகிறார். தகவல் புத்தகம் என்றால் கேட்கிறவர்கள் மட்டும்தான் அழுவார்கள், அவர்களும் சத்தம் போடாமல் அழுதுகொள்வார்கள் என்பது அவர் கணக்கு. அப்படித்தான் கொசுவின் வரலாறு வந்தது. நகரத்துக் குடிநீர்க் குழாய்களைப் பற்றி ஒன்று வந்தது. தூக்கத்தின் அறிவியலை வெளியிட்ட மாலை, சபையில் பாதிப் பேர் செய்முறையிலேயே இறங்கிவிட்டார்கள். நூலாசிரியர் மனம் குளிர்ந்து போனார்.

இந்தக் கூட்டங்களில் என் பொறுப்பு நன்றியுரை. அதனாலேயே என்னை நன்றியண்ணன் என்று கூப்பிடுவார்கள். வரவேற்புரை, தலைமையுரை, மூன்று மதிப்புரை, ஏற்புரை எல்லாம் ஆன பிறகு, "நிறைவாக நன்றியுரை" என்று செயலாளர் சொல்வார். உடனே தகரத்தில் மழை பிடித்துக்கொண்ட மாதிரி ஒரு சத்தம் கேட்கும். நாற்காலிகள் பின்னுக்குத் தள்ளப்படுகிற சத்தம் அது. நான் மேடையேறி மைக்கைப் பிடிப்பதற்குள் சபைக்கு முதுகு முளைத்திருக்கும். எல்லோரும் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு போவார்கள். அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் எப்படி அழைப்பு வருகிறது என்று நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

ஒலிபெருக்கிக்காரர், நான் அவருக்கு நன்றி சொல்லும்போதே வயரைச் சுருட்டுவார். ஒருமுறை "ஒலிபெருக்கி அமைத்துத் தந்த" என்று நான் ஆரம்பிக்க, அவர் என் கையிலிருந்து மைக்கை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தார். "நண்பருக்கு நன்றி" என்பதை வெறும் தொண்டையால் சொல்லி முடித்தேன்.

"அட, பரவால்லண்ணே" என்றார் அவர், பெட்டியை மூடிக்கொண்டே.

என் நன்றிகளில் கடைசி இடம் என் வீட்டுக்காரிக்கு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் என் சட்டையைத் தேய்த்துக் கொடுப்பவள் அவள்தான். அவள் பெயரைச் சபை நிறைந்த ஓர் அரங்கத்தில் சொல்ல வேண்டும், அதை அவளும் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. அவள் பெயர் வருவதற்குள் காவலாளி விளக்கை அணைத்துவிடுவார். அவள் அதற்கும் முன்பே பேருந்தில் ஏறியிருப்பாள்.

இந்த இடத்தில் என் பழைய தொழிலைச் சொல்லியாக வேண்டும். நான் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள் இருப்பவர்களைப் போல ஒரு நல்ல சபை உலகத்தில் கிடையாது, ஐயா. மேலாளர், வக்கீல், சம்பந்தியம்மா, யாராக இருந்தாலும் சரி, கதவு இடுக்கில் வாயை வைத்து நான் பேச ஆரம்பித்தால் மூச்சுக் காட்டாமல் கேட்பார்கள். நடுநடுவே "சரிங்க", "சொல்லுங்க" என்பார்கள். அவர்கள் பொறுமைக்கு நான் நன்றி சொல்வேன். பதிலுக்கு அவர்கள் எனக்கு நன்றி சொல்வார்கள். சில நாள் பழுது பெரிதாக இருக்கும். சில நாள் பழுது சரியாகி வெகுநேரம் ஆகியிருக்கும், பேச்சுதான் முடிந்திருக்காது. இதை நீங்கள் கேட்கவில்லை, பேச்சுவாக்கில் வந்துவிட்டது.

நான் முரடன் இல்லை. முதலில் சாதுவான வழிகளைத்தான் பார்த்தேன். தேநீரை நன்றியுரைக்குப் பிறகு என்று மாற்றினேன். அரங்கத்துக்கு வெளியே, தாழ்வாரத்தில் ஒரு மின்சார பாய்லர் வைப்பார்கள். நான் பேசி முடிக்கும்வரை அதன் மூடியைத் திறக்கக் கூடாது, ஆறவும் விடக் கூடாது என்று டீக்காரருக்குச் சொல்லி வைத்தேன். சபை தெருமுனைக் கடைக்குப் போய்க் குடித்தது.

பிறகு மழைக்காலம் வந்தது. அரங்கம் நனையக் கூடாது என்று காரணம் சொல்லி, எல்லோருடைய குடையையும் வாசலில் வாங்கி ஓர் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். நன்றியுரை முடிந்ததும் திருப்பித் தருவதாக ஏற்பாடு. அன்று வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. சபை நனைந்துகொண்டே போய்விட்டது. கொசு வரலாற்றாசிரியர் தன் புத்தகத்தையே தலைக்குப் பிடித்துக்கொண்டு ஓடினார். குடை போகலாம், புத்தகம் நனையலாம், காய்ச்சல்கூட வரலாம், என் பேச்சு மட்டும் காதில் விழக் கூடாது. அன்றுதான் எனக்கு மனம் விட்டுப்போயிற்று. அந்தக் குடைகள் இன்னும் என் வீட்டில்தான் இருக்கின்றன. யாரும் வந்து கேட்கவில்லை. கேட்டால் நான் பேச ஆரம்பித்துவிடுவேன் என்று பயம்.

அடுத்து வந்ததுதான் அந்தப் புத்தகம். எழுதியவர் ஓய்வுபெற்ற தீயணைப்பு அதிகாரி. கட்டடத்தில் தீப்பிடித்தால் மனிதர்கள் எப்படி வெளியேறுகிறார்கள், எப்படி வெளியேற முடியாமல் போகிறார்கள் என்பதுதான் பொருள். நான் அதை ஒன்றுக்கு இரண்டு முறை படித்தேன். படிக்காமல் நன்றி சொல்லக் கூடாது என்பது என் கொள்கை. எங்கள் வட்டத்தில் அதைப் படித்த ஒரே ஆள் நான்தான் என்பதை அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன். அதில் பூட்டிய கதவுகளைப் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. எந்தக் கதவைப் பூட்டினால் ஒரு கூட்டம் எப்படி உள்ளே அகப்பட்டுக்கொள்ளும் என்று வெகு தெளிவாக எழுதியிருந்தார். அவர் எச்சரிக்கையாகத்தான் எழுதினார். ஆனால் ஒரு நல்ல நூல் ஒவ்வொரு வாசகனுக்கும் ஒவ்வொன்றைக் கொடுக்கும் என்று எங்கள் தலைவரே அடிக்கடி சொல்வார்.

கூட்டத்தன்று அதிகாரி முன்னதாகவே வந்துவிட்டார். பூங்கொத்தோடு வரவேற்கப் போனால், மனிதர் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"எத்தன வாசல் சார் இங்க?"

"ரெண்டுங்க. முன்வாசல் தாழ்வாரத்துப் பக்கம். பின்வாசல் கொல்லைப் படிக்கட்டுக்குப் போகுது."

"பின்வாசல் தெறந்திருக்கா?"

"தெறந்துதான் இருக்கு."

நான் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் திறந்துதான் இருந்தது. அவர் ஜன்னலையும் எட்டிப் பார்த்தார். அரங்கம் முதல் மாடியில் இருப்பதால், கீழே கார் நிற்கிற முகப்பின் தட்டைக் கூரை தெரிந்தது. "நல்லது" என்று தலையாட்டினார். "இந்தப் புத்தகத்தப் படிச்சுட்டு ஒரே ஒரு ஆள், ரெண்டாவது வழி எங்க இருக்குன்னு திரும்பிப் பாத்தாப் போதும் சார். நான் எழுதினதுக்கு அர்த்தம் உண்டு."

"கண்டிப்பாப் பாப்பாங்க" என்றேன்.

செயலாளர் தம்பி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இன்னிக்கு நன்றியுரையக் கொஞ்சம் சுருக்கிக்கிடலாமா?"

"எவ்வளவு சுருக்கணும் தம்பி?"

"நன்றின்னு சொல்லிட்டு எறங்கிடுங்க."

"அவ்வளவுதானா?"

"இல்ல, தொண்டை கட்டியிருந்தா கும்பிட்டாக்கூடப் போதும்ணே."

என் வீட்டுக்காரி கடைசி வரிசையில், கதவை ஒட்டிய நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மூட்டுவலி. படியேற வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மெதுவாகப் பிடித்துப் பிடித்து ஏறி வந்திருந்தாள்.

"இன்னிக்காவது கடைசி வரைக்கும் இரேன்" என்றேன்.

"வீட்ல கேக்கறது பத்தலையா?" என்றாள். "நீங்க மைக்கத் தொடுங்க, நான் செருப்பத் தேடுறேன்."

கூட்டம் நன்றாகவே நடந்தது. மதிப்புரையாளர்கள் மூவரில் ஒருவர் அட்டையைப் பாராட்டினார். ஒருவர் ஆதிமனிதன் நெருப்பைக் கண்டுபிடித்த விதத்தை, கூட இருந்து பார்த்தவர் போல விவரித்தார். மூன்றாமவர் தான் எழுதப்போகும் புத்தகத்தைப் பற்றிப் பேசினார். ஏற்புரையில் அதிகாரி ஒன்றுதான் சொன்னார்: "எந்த எடத்துக்குள்ள போனாலும், வெளிய வர்றதுக்கு ரெண்டாவது வழி எதுன்னு பாத்து வெச்சுக்குங்க." பலத்த கைத்தட்டல். ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

நல்லவேளையாகத் திரும்பவில்லை. ஏனென்றால் அந்தக் கைத்தட்டலுக்குள்தான் நான் பின்வாசலில் பூட்டைப் போட்டுக்கொண்டிருந்தேன். முன்வாசலைச் சாத்தி உள்ளிருந்தே பூட்டியது அதற்கடுத்து. அரங்கத்தைத் திறந்து மூடுகிற பொறுப்பும் என்னிடம்தான் இருந்தது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இரண்டு சாவியையும் தேய்த்த சட்டையின் பையில் போட்டுக்கொண்டு மேடையேறினேன்.

"நிறைவாக நன்றியுரை" என்றார் செயலாளர். மழை பிடித்தது. முதுகுகள் முளைத்தன. பிறகு ஒரு புதுச் சத்தம், கைப்பிடியைத் திருகித் திருகிப் பார்க்கிற சத்தம்.

"கதவு கொஞ்சம் மக்கர் பண்ணுது" என்றேன் மைக்கில், லிஃப்ட் இடுக்கில் பேசுகிற அதே குரலில். "ஆள் வந்துட்டே இருக்காங்க. பதட்டப்படாம உக்காருங்க. அதுவரைக்கும் ரெண்டு வார்த்தை."

உட்கார்ந்தார்கள், ஐயா. அத்தனை முகமும் என்னைப் பார்த்து. என் வீட்டுக்காரியின் முகமும். அரங்கத்தைத் தந்த நூலக நிர்வாகத்துக்கு நன்றி சொன்னேன், கேட்டார்கள். அச்சகத்தாருக்கு, அட்டை வரைந்தவருக்கு, வர முடியாமல் போனவர்களுக்கு, வருவதாகச் சொல்லி வராதவர்களுக்கு, தனித்தனியாகச் சொன்னேன். யாரோ ஒருவர் கை தட்டினார். கதவு திறக்கும் என்ற நம்பிக்கையில் தட்டியிருக்கலாம். எனக்கு அது போதுமாயிருந்தது.

அதற்குள் தாழ்வாரத்தில் பாய்லர் வற்றிவிட்டது. ஆறவிடாதே, திறக்காதே என்று சொன்னவன் நான். டீக்காரர் இரண்டையும் ஒழுங்காகச் செய்துவிட்டு வெற்றிலை பாக்கு, பீடி எதற்கோ கீழே போய்விட்டார். பாய்லர் கருகி, பக்கத்திலிருந்த திரைச்சீலை பற்றிக்கொண்டது. "தேநீர் வழங்கவிருக்கும் நண்பருக்கு" என்று நான் சொன்னபோது முன்கதவின் அடியிலிருந்து புகை வந்தது.

"ஏதோ தீயுற வாசன வருதே" என்றார் தலைவர்.

அடுத்த நொடி எல்லோரும் எழுந்து முன்வாசலுக்குத்தான் ஓடினார்கள். வந்த வழியாகவேதான் ஓடுவார்கள் என்று புத்தகத்தில் எழுதியிருந்தது அப்படியே நடந்தது. ஆசிரியரின் கூர்மையை எண்ணி வியந்தேன்.

"அந்தப் பக்கம் போகாதீங்க. பின்வாசல், பின்வாசல்" என்று அதிகாரி கத்தினார். பின்வாசலுக்கு ஓடினார்கள். பூட்டைப் பார்த்தார்கள்.

"சாவி யார்கிட்ட இருக்கு?" என்று அவர் கேட்டார். என் சட்டைப்பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம், கை எட்டுகிற தூரம்தான். ஆனால் இன்னும் ஒலிபெருக்கிக்காரருக்குச் சொல்லவில்லை. அவருக்கு அடுத்தது என் வீட்டுக்காரி. அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டு நடுவில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

அதிகாரி ஒரு நாற்காலியைத் தூக்கி ஜன்னலை உடைத்தார். "ஒவ்வொருத்தரா, தள்ளாம" என்றார். முதல் ஆளாக ஏறியது என் வீட்டுக்காரி. மூட்டுவலிக்காரி, ஐயா, ஜன்னல் விளிம்பில் ஒரு கை ஊன்றி, கைப்பையோடு, முகப்புக் கூரையில் குதித்தாள். இத்தனை வருட மருந்து செய்யாததை என் பேச்சு செய்தது. அவளுக்கு நன்றி சொல்ல நான் வாயைத் திறந்தபோது கூரையில் அவள் காலடிச் சத்தம் தூரத்தில் கேட்டது.

மற்றவர்களும் வரிசையாகப் போனார்கள். அதில் ஒரு நன்மை இருந்தது. ஒருவர் ஒருவராகப் போனதால், ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, வருகைக்கு நன்றி சொல்லி அனுப்ப முடிந்தது. அதுவரை எந்தக் கூட்டத்திலும் அது வாய்த்ததில்லை. ஒலிபெருக்கிக்காரர் இந்தமுறை வயரைச் சுருட்டவில்லை.

கடைசியில் புகைக்குள் அதிகாரியும் நானும்தான்.

"வாங்க சார்" என்றார் இருமிக்கொண்டே.

"இன்னும் முடியலைங்க. உங்களுக்கே சொல்லல."

அவர் என்னைச் சுருட்டிய பாய் மாதிரித் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். நூலாசிரியருக்கான நன்றியை அவர் முதுகைப் பார்த்துத் தலைகீழாகத்தான் சொன்னேன். முகப்புக் கூரைக்கு வந்ததும் பையிலிருந்து சாவிகள் நழுவி, கீழே தரையில் கூடியிருந்த சபையின் நடுவில் கணீரென்று விழுந்தன. ஆமாம், உங்கள் மேஜையில் இருக்கின்றனவே, அவைதான்.

யாருக்கும் உயிருக்கு ஆபத்தில்லை என்று கேள்விப்பட்டேன். தலைவருக்குக் கணுக்கால் சுளுக்கு. புத்தகம் மறுபதிப்பு காண்கிறதாம். மதிப்புரையாளர்கள் மூவரும் இப்போது அதை நிஜமாகவே படிக்கிறார்களாம். எந்த அறைக்குள் போனாலும் எங்கள் வட்டத்தார் இரண்டாவது வழியைத் தேடுகிறார்களாம். ஒரு ஆள் திரும்பிப் பார்த்தால் போதும் என்று கேட்டவருக்கு ஒரு சபையையே திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அவர் மட்டும் என்னோடு பேச மறுக்கிறார். எழுத்தாளர்கள் அப்படித்தான், உணர்ச்சிவசப்படுகிறவர்கள்.

எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு கதவையும் பூட்டியது நான்தான். புகையைப் பார்த்த பிறகும் சாவியைக் கொடுக்காதவனும் நான்தான். அது தப்பு என்று இப்போது தெரிகிறது. இனி அந்த ஆசையே எனக்கு இல்லை, அதை விட்டொழித்துவிட்டேன். கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம். நடுவில் எழுந்து போகாமல் நான் சொன்னதை முழுதாகக் கேட்ட முதல் மனிதர் நீங்கள்தான். உங்களுக்கும், கைவலிக்க எழுதும் இந்தத் தம்பிக்கும், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கும் அந்தக் காவலருக்கும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரி வெளியே பெஞ்சில் இருக்கிறாள். இந்த அறைக்கு ஒரே வாசல், ஜன்னலில் கம்பி போட்டிருக்கிறது, வந்ததுமே பார்த்துக்கொண்டேன். அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, அந்தக் கதவை மட்டும் கொஞ்சம் பூட்டிவிடுங்கள், ஐயா.