ஊரூர் குப்பம் முத்தம்மாவுக்கு நடந்த அறுவை குறித்து டாக்டர் ஷாகிரா கூறியது

பெயர் ஷாகிரா, வயது 31, தகப்பனார் பெயர் ஷரஃபுதீன், இருப்பு திருவல்லிக்கேணி, சென்னை-5, தொழில் மகப்பேறு மருத்துவம். 16.9.1997 பகல் பன்னிரண்டு மணிக்குக் காவல் நிலையத்தில் ஆஜராகி, விசாரித்தபோது சொன்னதாவது:

நான் மேற்படி முகவரியில் என் தாயார் அன்வரி பேகத்துடன் வசித்து வருகிறேன். எம்.டி. முடித்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு, இந்த வருடம் ஜனவரி முதல் அடையாறில் உள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில் டாக்டர் காமாக்ஷியிடம் லேப்ராஸ்கோபி பயிற்சி பெற்று வருகிறேன். வயிற்றைக் கிழிக்காமல் சிறு துளைகள் வழியாகக் கேமராவையும் கருவிகளையும் செலுத்தி, டி.வி. திரையைப் பார்த்தபடி செய்யும் அறுவை அது. முதல் மூன்று மாதம் எனக்குக் கேமராவைப் பிடிக்கும் வேலை மட்டுமே தரப்பட்டது. வீட்டில் அட்டைப் பெட்டியில் துளை போட்டு, நீளக் கருவியால் திராட்சைப் பழங்களைத் தோலுரித்துப் பழகினேன். உரித்த பழங்களை என் தாயார் தின்று தீர்த்தார். ஏப்ரல் முதல் டாக்டர் காமாக்ஷி பக்கத்தில் நிற்கச் சிறிய அறுவைகளை நானே செய்து வந்தேன்.

சென்ற 9ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஊரூர் குப்பத்தைச் சேர்ந்த, மீன் விற்கும் முத்தம்மா, வயது 27, கடுமையான வயிற்று வலியுடன் ஆட்டோவில் வந்தார். ஸ்கேன் எடுத்ததில் கரு கர்ப்பப்பையில் தங்காமல் இடது கருக்குழாயில் வளர்ந்து, இரத்தம் கசியத் தொடங்கியிருப்பது தெரிந்தது. வலது குழாய் முன்பே அடைபட்டுப் போனது. கல்யாணமாகி ஆறு வருடமாகியும் அவருக்குக் குழந்தை இல்லை. இடது குழாயையும் வெட்டி எடுத்தால் இனி தானாகக் கருத்தரிக்க வழியில்லை என்பதையும், குழாயை விட்டுவிட்டுக் கருவை மட்டும் எடுக்க முயலலாம் என்பதையும் அவரிடம் சொன்னேன். அவர் கணவர் ரங்கன் விசைப்படகில் கடலுக்குப் போயிருந்தார். நான் இன்னும் பயிற்சியில் இருப்பவள் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அதற்கு முத்தம்மா, "கை நடுங்குமா உனக்கு?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்பொ நீயே செய்மா. இன்னாத்துக்கு லேட்டு பண்ணிக்கினு கீறே?" என்று சொல்லிப் படிவத்தில் தாமே கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகு பதினொரு மணிக்கு முத்தம்மாவை அறுவை அரங்கிற்குக் கொண்டு சென்றோம். டாக்டர் காமாக்ஷி கேமராவைத் தம் கையில் வாங்கிக்கொண்டு, "நீங்க பண்ணுங்கோ ஷாகிரா, நான் பிடிச்சுண்டு நிக்கறேன்" என்றார். நான் குழாயை நீளவாக்கில் கீறிக் கருவை வெளியே எடுத்தேன். அதன் பிறகு இரத்தம் வந்த இடத்தைக் கருவியால் கவ்விப் பிடித்திருந்தபோது உள்ளே வெளிச்சம் தரும் விளக்கு அணைந்து திரை இருண்டது. டாக்டர் காமாக்ஷி, "வயத்தைத் திறந்துடலாமா?" என்று கேட்டார். நாடித் துடிப்பு சீராக இருப்பதாக மயக்க மருத்துவர் சொன்னதால், "ரெண்டு நிமிஷம் குடுங்க மேடம், நான் அசையமாட்டேன்" என்றேன். டெக்னீஷியன் ராபர்ட் வேறு பல்பு மாட்டும் வரை என் கை அசையவில்லை. வெளிச்சம் வந்தபோது கருவி வைத்த இடத்திலேயே இருந்தது, சொட்டு இரத்தமும் கசியவில்லை. டாக்டர் காமாக்ஷி முகமூடிக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது. அதன் பிறகு குழாயை எடுக்காமலே அறுவையை முடித்தோம்.

மூன்றாம் நாள் முத்தம்மா நடந்தே வீட்டுக்குப் போனார். 12ஆம் தேதி அவர் கணவரின் அண்ணன் எத்திராஜ், தம்பி ஊரில் இல்லாத நேரத்தில் படிக்கிற டாக்டர் பழகுவதற்காகத் தம்பி மனைவியின் கர்ப்பப்பையை எடுத்துவிட்டதாகப் புகார் கொடுத்திருக்கிறார். அறுவை முழுவதும் வீடியோ கேசட்டில் பதிவாகியிருந்தது. நேற்று அதை ஆய்வாளர் முன்னிலையில் எத்திராஜுக்கும், கடலிலிருந்து திரும்பிய ரங்கனுக்கும் போட்டுக் காட்டினேன். கர்ப்பப்பையையும் இரண்டு குழாய்களையும் விரல் வைத்துக் காட்டினேன். இருட்டான இரண்டு நிமிடத்தையும் ஓட்டிவிடாமல் பார்க்க வைத்தேன். கூட வந்திருந்த முத்தம்மா, "பாத்தியா மாமா, எல்லாம் அப்படியே கீது. நாந்தான் செய்யச் சொன்னேன்" என்றார். எத்திராஜ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தெரியாம எழ்திக் குட்த்துட்டேன் டாக்டரம்மா" என்றார்.

புகார் வந்தபோது, நான் கேமரா மட்டுமே பிடித்ததாகச் சொன்னால் எனக்குச் சிக்கல் வராது என்று மருத்துவமனை மேலாளர் ஜெயராம் யோசனை சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அறுவை செய்தது நானே. அன்றைய அரங்கப் பதிவேட்டின் நகலைத் தாக்கல் செய்கிறேன். அதில் அறுவை செய்தவர் என்ற இடத்தில் டாக்டர் காமாக்ஷி தம் கையால் என் பெயரை எழுதியிருக்கிறார். கேமரா பிடித்தவர் என்ற இடத்தில் தம் பெயரை எழுதியிருக்கிறார்.

நான் சொன்னபடியே எழுதப்பட்டுள்ளது. படித்துப் பார்த்தேன், அனைத்தும் உண்மை, திருத்தம் ஏதுமில்லை.

(ஒப்பம்) டாக்டர் ஷ. ஷாகிரா